கட்டிடக் கோட்டோவியம்

கட்டிடக் கோட்டோவியம் என்பது ஒரு கட்டிடத்தின் தோற்றத்தைப் பேனாவும் மையும் கொண்டு, கோடுகளாலேயே வரைந்து காட்டும் ஓவிய முறையாகும். கோயில், கோட்டை, தேவாலயம் போன்ற பழைய கட்டிடங்களை வரைவதற்கு இம்முறை நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. ஒளிப்படக் கலை தோன்றுவதற்கு முன் அழிந்துபோன கட்டிடங்கள் பலவற்றை இன்று கோட்டுப் படங்களின் வழியாகவே அறிகிறோம்.

வரையும் முறை

முதலில் பென்சிலால் மெல்லிய முன்வரைவு இடப்படும். தொலைவு செல்லச் செல்ல உருவம் சிறுத்துத் தோன்றுவதையும், இணையான விளிம்புகள் ஒரு புள்ளியை நோக்கிக் குவிவதையும் இந்நிலையிலேயே சரிசெய்துகொள்ள வேண்டும். மையால் இட்ட கோட்டை எளிதில் அழிக்க இயலாது. உலர்ந்தபின் நீரில் கரையாத இந்திய மை இதற்குப் பெரிதும் பயன்படுகிறது.

கறுப்பு மையில் சாம்பல் நிறம் கிடையாது. எனவே நிழலைக் கோடுகளின் நெருக்கத்தாலேயே காட்டவேண்டும். ஒரு வரிசைக் கோடுகளின் மேல் குறுக்காக மற்றொரு வரிசை இட்டால் நிழல் அடர்த்தியாகும். வெயில் படும் பகுதியில் தாள் வெறுமையாக விடப்படும். சுவரிலுள்ள எல்லாச் செங்கற்களையும் வரைவது தொடக்க நிலையினர் செய்யும் தவறாகும். நிழலின் ஓரத்திலும் சிதைந்த இடங்களிலும் சிலவற்றைக் காட்டினாலே போதும். எஞ்சியவற்றைப் பார்ப்பவரின் கண் நிரப்பிக்கொள்ளும்.

அச்சுக்கலையுடன் தொடர்பு

எழுத்து அச்சில் மை படும் இடம், படாத இடம் என இரண்டே உண்டு. ஆகையால் கோட்டோவியம் அதற்கு இயல்பாகப் பொருந்தியது. தரம் குறைந்த தாளிலும் தெளிவாகப் பதிந்தது. 'சில்பி' எனப்பட்ட பி. எம். சீனிவாசன் (1919–1983), ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' என்னும் தொடருக்காக வரைந்த கோயிற் படங்கள் தமிழ் வாசகர் அறிந்த சிறந்த எடுத்துக்காட்டாகும்.

வரலாற்றுச் சான்றாக

இலண்டனின் பழைய புனித பவுல் பேராலயம் 1666 ஆம் ஆண்டுப் பெருந்தீயில் அழிந்தது. பிராகா நகரில் பிறந்த வென்செசுலாசு ஹொலார் (1607–1677) என்பவர் அதன் உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் வரைந்த படங்கள், வில்லியம் டக்டேல் எழுதிய நூலில் 1658 இல், அதாவது தீவிபத்துக்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்னரே, வெளிவந்திருந்தன. இவை செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, அமிலத்தால் அரித்து அச்சிடப்பட்டவை. எனினும் இவற்றின் கோடுகள் பேனாக் கோடுகளைப் பெரிதும் ஒத்தவை. அப்பேராலயத்தின் தோற்றத்தை அறிய ஆய்வாளர் இப்படங்களையே பெரிதும் நாடுகின்றனர்.

ஆயினும் அவற்றுள் பேராலயத்தை அதன் உயர்ந்த கூர்ங்கோபுரத்துடன் காட்டும் படமும் உண்டு. அக்கோபுரம் 1561 இலேயே மின்னல் தாக்கி எரிந்துபோனது. ஹொலார் அதனைக் கண்டிருக்க முடியாது. ஓவியர் நேரில் கண்டதையும், பிற வழிகளில் அறிந்து சேர்த்ததையும் கோடு ஒரே உறுதியுடன் காட்டிவிடுகிறது. எனவே இத்தகைய படத்தைச் சான்றாகக் கொள்ளுமுன், வரையப்பட்ட ஆண்டில் கட்டிடம் எந்நிலையில் இருந்தது என்பதை வேறு ஆவணங்களுடன் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும்.

அளவு வரைபடம் இதிலிருந்து வேறுபட்டது. ஐக்கிய அமெரிக்காவில் 1933 இல் தொடங்கிய வரலாற்றுக் கட்டிட அளவாய்வில், பொருளாதார மந்தத்தால் வேலையிழந்திருந்த கட்டிடக் கலைஞர்கள் பழைய கட்டிடங்களை நேரில் அளந்து வரைந்தனர். அவ்வரைபடங்கள் அந்நாட்டின் காங்கிரசு நூலகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.