செப்டிக் டேங்க்... பொங்கி வழியும் வரை காத்திருக்காதீங்க!

தண்ணீர்த் தொட்டியைக் கழுவ நாள் பார்க்கும் நமக்கு, செப்டிக் டேங்க் மட்டும் பொங்கி வழியும்போதுதான் ஞாபகத்துக்கு வரும்.

கழிவில் கனமானது அடியில் சேறாகப் படியும். எண்ணெய்ப் பசை மேலே ஆடையாக மிதக்கும். நடுவிலுள்ள நீர் மட்டும் வெளியேறும். பாக்டீரியாக்கள் சேற்றைச் செரித்தாலும், முழுசா கரைந்துவிடாது. அதனால் 2-3 வருடங்களுக்கு ஒருமுறை லாரி வைத்து உறிஞ்சி எடுப்பது அவசியம்.

தள்ளிப்போட்டால் சேறு இறுகி, லாரிக் குழாய்க்கு வராது. 'ஒரு ஆளை இறக்கிடலாமா?' என்ற பேச்சு அங்கேதான் ஆரம்பிக்கும். அது உயிரோடு விளையாடுவது. உள்ளே இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, அளவு கூடினால் மோப்ப உணர்வையே மழுங்கடித்துவிடும். 'நாத்தமே இல்லையே' என்று இறங்குபவர் சட்டென மயங்கலாம். காப்பாற்றப் போகிறவரும் சிக்கிக்கொள்வார். பாதுகாப்பின்றி ஆளை இறக்குவது 2013-ம் ஆண்டு சட்டப்படி குற்றம். முதல்முறைக்கே 2 ஆண்டுகள் வரை சிறை, 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டுமே கிடைக்கலாம்.

இவற்றைக் கவனியுங்கள்:

* நாப்கின், டயப்பர், ஈர டிஷ்யூ, சமையல் எண்ணெய் எதையும் உள்ளே விடாதீங்க.

* ஆசிட், பிளீச்சிங் பவுடரை அளவுக்கு மீறிக் கொட்டினால் பாக்டீரியாக்கள் செத்துவிடும்.

* ஃப்ளஷ் செய்த நீர் மெதுவாக இறங்குகிறதா, 'களக் களக்' சத்தம் வருகிறதா? உடனே லாரியைக் கூப்பிடுங்க.

* மூடியைத் திறக்கும்போது அருகில் தீக்குச்சி, சிகரெட் கூடாது. மீத்தேன் தீப்பற்றும்.

தமிழ்நாட்டில் 14420 உதவி எண்ணில் லாரிக்குப் பதிவு செய்யலாம். சுத்தம் செய்த தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள். அடுத்தமுறை யாரும் உள்ளே இறங்க வேண்டியிருக்காது.