துப்பாக்கிக்குள் நுழையும் ஒளி

பொட்டு வெடித் துப்பாக்கி அச்சங்குளத்துப் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. விசையை இழுத்தால் பொறியும் சத்தமும் வெளியே வரும். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1984-இல் தன் வீடியோ விளையாட்டுப் பெட்டிக்கென விற்ற துப்பாக்கியோ இதற்கு நேர் எதிரானது. அதிலிருந்து எதுவும் வெளியே வராது. திரையின் ஒளிதான் அதற்குள் போகும்! குழலுக்குள்ளே ஒளி பட்டால் மின்னோட்டம் தரும் டயோடு ஒன்று இருக்கிறது.

வாத்து வேட்டை விளையாட்டில் இரண்டு வாத்துகள் பறக்கின்றன. நீங்கள் எதைச் சுட்டீர்கள் என்று பெட்டிக்கு எப்படித் தெரிகிறது? விசையை இழுத்ததும் செயலி திரை முழுவதையும் கறுப்பாக்குகிறது. அடுத்த படத்தில் முதல் வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம். அதற்கடுத்ததில் இரண்டாம் வாத்தின் இடத்தில். வினாடிக்கு 60 படங்கள் ஓடுவதால் நம் கண்ணுக்கு ஒரு மினுக்கல்தான் தெரியும். எந்தப் படத்தின்போது டயோடு ஒளியைக் கண்டதோ, அந்த வாத்து விழும். வினாடிக்குச் சுமார் 18 லட்சம் துடிப்புகளும் வெறும் 2 கிலோபைட் வேலை நினைவகமும் கொண்ட அந்தப் பெட்டிக்கு இதுவே போதுமானதாக இருந்தது.

மின்விளக்கைக் குறிபார்த்து ஏமாற்றலாமே என்பீர்கள். அதற்குத்தான் அந்தக் கறுப்புப் படம். முதலில் இருள், பிறகு ஒளி என்ற வரிசை வரவேண்டும். விளக்கோ எப்போதும் எரிகிறது. ஏமாற்றுப் பேர்வழிகளை முன்பே நினைத்துப் பார்த்திருக்கிறார்கள்!

பழைய படக்குழாய்த் தொலைக்காட்சியில் பெட்டி அனுப்பிய கணமே வரிவரியாக ஒளி எழுந்தது. இன்றைய தட்டைத் திரை படத்தை வாங்கி வைத்துச் சற்றுத் தாமதித்தே காட்டுகிறது. வெள்ளைக் கட்டம் தோன்றுவதற்குள் செயலி பார்த்து முடித்துவிடும். எனவே 1990-களில் நம் ஊர்களில் விற்ற அதன் நகல் பெட்டி ஒன்றைப் பரணிலிருந்து எடுத்து இன்று மாட்டினால், குறி எவ்வளவு சரியாக இருந்தாலும் வாத்து பறந்துகொண்டேதான் இருக்கும்.