ஏலம் எடுத்தவர் பின்வாங்கினால்... மூட்டையை விடாதீர்கள்!

ஏலம் முடிந்தது, நல்ல விலை கிடைத்தது என்று வீட்டுக்கும் சொல்லியாகிவிட்டது. எடை போடும் நேரத்தில், ‘ஈரம் கூடுதலா இருக்கு. குவிண்டாலுக்கு 400 ரூபாய் குறைச்சுக்கோங்க, இல்லேன்னா எனக்கு வேண்டாம்’ என்கிறார் ஏலம் எடுத்த வியாபாரி. வண்டி வாடகையும் ஏற்றுக்கூலியும் ஏற்கெனவே கொடுத்தாயிற்று. மூட்டையைத் திரும்பக் கொண்டுபோக மனமில்லாமல் பலரும் சம்மதித்துவிடுகிறார்கள்.

சம்மதிக்கத் தேவையில்லை. 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம் 64-வது பிரிவு, ஏலம் முடிந்ததாக அறிவிக்கும் வரைதான் கேட்டவர் தன் கேள்வியைத் திரும்பப் பெறலாம் என்கிறது. அறிவித்துவிட்டால் அது விற்பனை. செல்போனில் கேட்டாலும் மண்டியில் நின்று கேட்டாலும் இதுதான் நிலை.

2016 ஏப்ரல் 14-ல் தொடங்கப்பட்ட தேசிய வேளாண் சந்தையில் (இ-நாம்) சரக்கு உள்ளே வந்ததும் லாட் எண் கொடுத்து, தரம் பார்த்து, அதன் பிறகே ஏலம் விடுகிறார்கள். விலை கட்டுப்படியாகாவிட்டால் விவசாயி மறுக்கலாம். ஏற்றுக்கொண்டால் எடை, ஒப்பந்தச் சீட்டு, விற்பனைச் சீட்டு, வங்கிக் கணக்கில் பணம் என்று வரிசையாக நடக்கும். இதில் பலர் அலட்சியமாக விடுவது தரப் பரிசோதனையைத்தான். குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டால் தென்காசி, செங்கோட்டை பக்கம் களத்தில் காயும் தானியம் ஒரே ராத்திரியில் ஈரம் இழுத்துவிடும். ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஈரப்பத அளவு எழுதிய சீட்டைக் கேட்டு வாங்கி, போட்டோ எடுத்து வையுங்கள். ஏலம் முடியும் வரை மூட்டையைத் தார்ப்பாயில் மூடுங்கள். பிறகு ‘ஈரம்’ என்று யார் சொன்னாலும், அங்கேயே மறுபடி அளக்கச் சொல்லலாம்.

அதற்கும் வியாபாரி மசியவில்லையா? பணம் வராதவரை சரக்கு உங்கள் கையில் இருக்கட்டும். கடனுக்குப் பேசாத விற்பனையில் பணம் வரும்வரை சரக்கை நிறுத்திவைக்க உங்களுக்கு உரிமை உண்டு. ‘வண்டி ஏத்திவிடுங்க, சாயந்திரம் அனுப்புறேன்’ என்ற பேச்சுக்கு இடம் கொடுத்துவிட்டால் அந்த உரிமை கைவிட்டுப் போய்விடும். லாட் எண், தேதி, ஏல விலை எல்லாம் குறிப்பிட்டு விற்பனைக்கூடக் கண்காணிப்பாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். வியாபாரிக்கு உரிமம் தருவது விற்பனைக்குழு என்பதால் இந்தக் காகிதத்துக்குக் கனம் உண்டு.

அடுத்தது மறுவிற்பனை. 54-வது பிரிவுப்படி, ‘இத்தனை நாளுக்குள் பணம் கட்டிச் சரக்கை எடுக்காவிட்டால் வேறொருவருக்கு விற்பேன்’ என்று முதல் வியாபாரிக்குத் தெரிவித்துவிட்டு விற்கலாம். 20 குவிண்டால் உளுந்தை 7,800 ரூபாய்க்கு ஏலம் எடுத்தவர் கைவிட்டு, மறு ஏலத்தில் 7,400 ரூபாய்தான் போனது என்றால், 8,000 ரூபாய் நஷ்டத்தை அவரிடம் கேட்கலாம். தெரிவிக்காமல் விற்றால் இந்த நஷ்டத்தைக் கேட்க முடியாது. விசித்திரம் என்னவென்றால், கூடுதல் விலை கிடைத்தால் அந்த லாபம்கூட அவருக்குத்தான்! வாட்ஸ்அப் செய்தியோடு நிறுத்தாமல் பதிவுத் தபாலிலும் அனுப்பிவிடுங்கள்.

புளியங்குடி எலுமிச்சை, பாவூர்சத்திரம் சந்தைக்கு வரும் காய்கறி போன்ற அழுகும் சரக்குக்கு முன்னறிவிப்பு கட்டாயமில்லை. நியாயமான நேரம் பார்த்துவிட்டு உடனே விற்கலாம். யாருக்கு, எந்த விலைக்கு விற்றீர்கள் என்ற சீட்டை மட்டும் தொலைத்துவிடாதீர்கள்.

தானியமாக இருந்து, மறு ஏலத்துக்கு ஆள் குறைவு என்றால், விற்பனைக்கூடக் கிடங்கில் இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் கிடைக்குமா என்று அங்கேயே கேளுங்கள். சரக்கு மதிப்பில் 75 விழுக்காடு வரை கொடுக்கும் திட்டம் அது. அவசரத்துக்குக் கையில் பணம் இருந்தால் 400 ரூபாய் குறைத்துக் கொடுக்க வேண்டிய நெருக்கடி வராது.

காசோலை கொடுத்து அது திரும்பியிருந்தால் வழி வேறு. வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது கிடைத்த 15 நாளில் அவர் பணம் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் நீதிமன்றத்தில் புகார் கொடுக்கலாம். நஷ்டம் கேட்கும் சிவில் வழக்குக்கு 3 ஆண்டு அவகாசம் இருக்கிறது. சிறு தொகைக்கு வக்கீல் செலவு கட்டாது என்பது உண்மைதான். அப்படிப்பட்டவர்கள் நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்ட சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுத்தால், வழக்குக்கு முன்பே எதிர்த்தரப்பை அழைத்துப் பேசுவார்கள். பெண்கள், பட்டியல் இனத்தவர், வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே வக்கீல் உதவியும் இலவசம்.