குழந்தையோட மெல்போர்ன் கப்: மூணே கால் நிமிஷப் பந்தயமும் மூணு கேள்வியும்

அக்டோபர் வந்தாலே நமக்கு ஒரே மாதிரி மெயில் வர ஆரம்பிச்சிடும். "ப்ரோ, கப் டே அன்னிக்கு லீவு. குழந்தையை ஃபிளெமிங்டனுக்குக் கூட்டிட்டுப் போகலாமா? அங்க குழந்தைக்குப் பார்க்க என்ன இருக்கு?" மெல்போர்னுக்குப் புதுசா வந்தவங்க எல்லாருக்கும் இந்தச் சந்தேகம் வரும். நவம்பர் மாசத்து முதல் செவ்வாய்க்கிழமை ஒரு குதிரைப் பந்தயத்துக்காக ஊருக்கே அரசு விடுமுறை. நாம வீட்டுல உக்காந்து தோசை ஊத்திட்டு இருந்தா, ஏதோ கல்யாண வீட்டுக்குப் போகாம விட்ட மாதிரி இருக்கும்.

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். தாராளமா போகலாம். ஆனா மூணு கேள்விக்குப் பதில் யோசிச்சு வெச்சுட்டுப் போங்க. பந்தயத்துல கட்டுற காசு எங்க போகுது? சாட்டையால அடிச்சா குதிரைக்கு வலிக்காதா? குதிரை விழுந்தா என்ன ஆகும்? எங்க அக்கா பொண்ணை நான் முதல்முறை கூட்டிட்டுப் போனப்ப அவளுக்கு எட்டு வயசு. இந்த மூணையும் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடியே கேட்டு முடிச்சுட்டா.

நம்ம வீட்டுல 'ரேஸ்' ஒரு கெட்ட வார்த்தை

போகப்போறோம்னு ஃபோன்ல சொன்னதும் அம்மா கேட்டது இதுதான்: "பச்சைப் புள்ளையைப் போயா ரேஸுக்குக் கூட்டிட்டுப் போற?" அவங்க குரல்ல இருந்த பயம் எனக்குப் புரிஞ்சது. நம்ம ஊர்ல ஒருத்தரை "ரேஸுக்குப் போறவர்"னு சொன்னா, வீட்டை அடமானம் வெச்சவர்னு அர்த்தம். பழைய தமிழ்ப் படங்கள்ல குடும்பம் நடுத்தெருவுக்கு வர்றதுக்குக் குதிரை ரேஸே போதும்.

சட்டத்துலயும் இந்தச் சண்டை நடந்திருக்கு. 1974-ல தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தைத் தடை செய்யச் சட்டம் கொண்டு வந்தது. வழக்கு நீண்டு, 1996-ல உச்ச நீதிமன்றம் "இது திறமை சார்ந்த விளையாட்டு"னு தீர்ப்பு சொல்லுச்சு. அப்புறம் 2024 செப்டம்பர்ல குத்தகை விவகாரத்துல கிண்டி ரேஸ் கோர்ஸுக்கே அரசு சீல் வெச்சது. அதனால அம்மாவோட கேள்வியைப் பழமைவாதம்னு நான் ஒதுக்கல. ஃபிளெமிங்டன்ல குழந்தையைச் சுத்தி ரோஜாத் தோட்டம், தொப்பி, கோட்டு சூட்டுன்னு எல்லாம் பளபளன்னு இருக்கும். அந்தப் பளபளப்புக்குக் கீழ ஓடுறது பந்தயக் காசுதான். அதை மறைக்காம சொல்லணும்.

எந்த நாள், எங்க நிக்கிறது

மெல்போர்ன் கப் திருவிழா மொத்தம் நாலு நாள். சனிக்கிழமை டெர்பி டே, செவ்வாய்க்கிழமை கப் டே, வியாழக்கிழமை ஓக்ஸ் டே, அடுத்த சனிக்கிழமை கடைசி நாள். கப் டே-ல கூட்டம் நெரியும், குடியும் அதிகம். குழந்தை ரொம்பச் சின்னதா இருந்தா கடைசி சனிக்கிழமை போங்க. குடும்பங்கள் வர்ற நாள்னு அதுக்கு ரொம்ப காலமாவே பேர் இருக்கு.

காரை வீட்டுலயே விட்டுடுங்க. ரேஸ் நாள்ல சிட்டியிலிருந்து நேரா ரேஸ் கோர்ஸ் ஸ்டேஷனுக்கே ட்ரெயின் போகுது. மத்த நாள்ல பெரும்பாலும் பயணிகளே இல்லாத லைன் அது. குழந்தைக்கு அந்த ட்ரெயின் பயணமே பாதி திருவிழா. வண்டி முழுக்கத் தலையில இறகு வெச்சவங்க இருப்பாங்க.

உள்ள போனதும் நேரா புல்வெளிக்கு ஓடாதீங்க. ஒவ்வொரு பந்தயத்துக்கும் முன்னாடி குதிரைகளை ஒரு வளாகத்துல வட்டமா நடத்திக் காட்டுவாங்க. முதல்ல அங்க போங்க. ஐநூறு கிலோ எடையுள்ள ஒரு மிருகம் சில அடி தூரத்துல மூச்சு விட்டுட்டு நடக்கும். தோல்ல நரம்பு புடைச்சுத் தெரியும், வேர்வை வாசம் வரும். எங்க பொண்ணு அன்னிக்கு முழுக்க நினைவு வெச்சிருந்தது அந்த இடத்தைத்தான்.

அங்க நிக்கும்போது சொல்ல ஒரு தகவல்: ஆஸ்திரேலியாவுல எல்லாப் பந்தயக் குதிரைக்கும் ஆகஸ்ட் 1 தான் பிறந்தநாள். செப்டம்பர்ல பொறந்தாலும் நவம்பர்ல பொறந்தாலும், அடுத்த ஆகஸ்ட் 1 வந்தா ஒரு வயசு. நம்ம தாத்தாக்களுக்கு ஸ்கூல்ல சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் ஒரு தேதி போட்டுக் கொடுத்த மாதிரிதான்.

அந்த மூணே கால் நிமிஷம்

கப் பந்தயம் மத்தியானம் 3 மணிக்கு. தூரம் 3200 மீட்டர், அதிகபட்சம் 24 குதிரை. ஃபிளெமிங்டன் ஓடுபாதையோட ஒரு சுற்று 2312 மீட்டர். கழிச்சுப் பாருங்க, மீதி 888. அதாவது வெற்றிக் கம்பத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் முன்னாடி ஆரம்பிச்சு, கம்பத்தை ஒருமுறை கடந்து, முழுச் சுற்று ஓடி, திரும்பவும் அதே கம்பத்துக்கு வரும். கம்பத்துக்குப் பக்கத்துல நின்னா குழந்தை குதிரைகளை ரெண்டு தடவை பார்க்கும்.

இதை முன்னாடியே சொல்லி வைங்க. இல்லேன்னா முதல் தடவை கடக்கும்போதே "யாரு ஜெயிச்சா?"ன்னு கத்தும். நடுவுல குதிரைகள் எதிர்ப்பக்கம் போயிடும், அப்போ பெரிய திரையைப் பார்க்கணும். கடைசியில முதல்ல கேக்கிறது சத்தம்தான். குளம்புச் சத்தம் காதுல கேக்கிறதுக்கு முன்னாடி கால்ல தெரியும். இந்தத் தூரத்துக்கான கப் சாதனை 1990-ல கிங்ஸ்டன் ரூல் ஓடினது, 3 நிமிஷம் 16.3 விநாடி. சராசரியா மணிக்கு கிட்டத்தட்ட 59 கிலோமீட்டர்.

நல்லா ஓடுற குதிரைக்கு ஏன் பாரம்?

இது ஹேண்டிகேப் பந்தயம். இதுக்கு முன்னாடி நல்லா ஓடின குதிரைக்கு அதிக எடை, சுமாரா ஓடினதுக்குக் குறைஞ்ச எடை. ஜாக்கி, சேணம் எல்லாம் சேர்த்து இவ்வளவு கிலோன்னு கணக்கு, குறைஞ்சபட்சம் 50. எடை பத்தலேன்னா சேணத்துல ஈயத் துண்டு வெப்பாங்க. எல்லாக் குதிரையும் ஒரே நேரத்துல கம்பத்தைத் தொடணும்கிறதுதான் எடை போடுறவரோட கனவு. நம்ம பாஷையில சொன்னா லோடு பேலன்ஸிங்.

குழந்தைக்கு நான் சொன்னது: "நீயும் நானும் ஓடினா நான் ஜெயிப்பேன். உன் ஸ்கூல் பேக் நாலையும் என் முதுகுல மாட்டிவிட்டா?" உடனே புரிஞ்சது.

உதாரணத்துக்கு ஃபார் லாப். 1930-ல சுமார் 62.5 கிலோ சுமந்து கப்பை ஜெயிச்ச குதிரை. அடுத்த வருஷம் 68 கிலோ ஏத்தினாங்க, எட்டாவதா வந்தது. அதோட தோலைப் பாடம் பண்ணி மெல்போர்ன் மியூசியத்துல நிக்க வெச்சிருக்காங்க. அங்க ஒருநாள் முன்னாடியே கூட்டிட்டுப் போனா, ரேஸ் அன்னிக்குப் பாதி வேலை மிச்சம். 'ஃபார் லாப்'னா தாய்லாந்து மொழியில மின்னல்.

முதல் கேள்வி: காசு எங்க போகுது?

பதினெட்டு வயசுக்குக் கீழ பந்தயம் கட்டுறது சட்டப்படி குற்றம். ஆனா குழந்தை கண்ணு முன்னாடி எல்லாரும் ஃபோனைத் தட்டிட்டு இருப்பாங்க. "அது பெரியவங்க விஷயம்"னு சொன்னா ஆர்வம்தான் கூடும். நான் கணக்கையே சொல்லிக் கொடுத்தேன். தேவையானது பத்து சாக்லேட்.

பத்துப் பேர் ஆளுக்கு ஒரு சாக்லேட் போடுறாங்க. ரெண்டு பேர் சொன்ன குதிரை ஜெயிக்குது. பத்தையும் ரெண்டா பிரிச்சு ஆளுக்கு அஞ்சு கொடுக்கணும் இல்லையா? ஆனா நடத்துற கடைக்காரர் முதல்லயே ரெண்டை எடுத்துக்கிறார். மீதி எட்டு, ஆளுக்கு நாலு. அடுத்த ஆட்டத்துலயும் ரெண்டு எடுத்துக்கிறார். அதுக்கடுத்த ஆட்டத்துலயும். டோட் பந்தயத்தோட அடிப்படை இதுதான்.

நிலையான விகிதம் தர்ற கம்பெனிகளும் இதே வேலையை வேற வழியில செய்யுது. காசு சுண்டினா தலையா பூவா, ரெண்டுக்கும் சம வாய்ப்பு. ஒரு டாலர் கட்டினா ரெண்டு டாலர் தர்றதுதான் நியாயம். அவங்க 1.90 தருவாங்க. அந்தப் பத்து சென்ட்லதான் கம்பெனி ஓடுது. 24 குதிரையோட விகிதத்தையும் சதவீதமா மாத்திக் கூட்டிப் பாருங்க, நூறைத் தாண்டி நிக்கும்.

நான் மூணாவது ஆட்டம் போடுறதுக்குள்ள அவ கேட்டா: "மாமா, அப்போ எப்பவுமே ஜெயிக்கிறது கடைக்காரர்தானா?" அதுக்கு மேல நான் ஒண்ணும் விளக்க வேண்டியிருக்கல.

இங்க நம்ம இன்ஜினியர் மக்களுக்கு ஒரு கிளைக்கதை. டோட் கணக்கைத் தானா போடுற இயந்திரத்தைக் கண்டுபிடிச்சவர் ஜார்ஜ் ஜூலியஸ். அவர் முதல்ல உருவாக்கினது தேர்தல்ல ஓட்டு எண்ணுற மெஷின். அரசாங்கம் வேண்டாம்னு சொல்லிடுச்சு. அதே யோசனையைப் பந்தயச் சீட்டு எண்ணுறதுக்கு மாத்தினார். 1913-ல நியூசிலாந்து ஆக்லாந்துல எல்லர்ஸ்லி ரேஸ் கோர்ஸ்ல முதல் மெஷின் ஓடுச்சு. மின்சார கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னாடியே பல்சக்கரமும் கம்பியும் கப்பியும் வெச்சு, பல கவுன்ட்டர்ல விக்கிற சீட்டை ஒரே நேரத்துல கூட்டின இயந்திரம்.

காசில்லாம குழந்தையை ஆட்டத்துல சேர்க்க ஸ்வீப் போதும். குதிரைப் பேரை எல்லாம் சீட்டு எழுதிக் கிண்ணத்துல போட்டு, ஆளுக்கு ஒண்ணு எடுக்கிறது. பரிசு ஐஸ்க்ரீம். அவளுக்கு வந்த குதிரை பின்னாடி எங்கயோ வந்தது. அதுக்கும் தொண்டை கிழியக் கத்தினா.

ரெண்டாவது கேள்வி: வலிக்காதா?

இதுல மழுப்பக் கூடாது. வலிக்கும். 2020-ல சிட்னி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் குதிரைத் தோலையும் மனுஷத் தோலையும் மைக்ராஸ்கோப்ல ஒப்பிட்டாங்க. வலி உணர்ற நரம்பு முனைகள்ல பெரிய வித்தியாசம் தெரியல. இப்போ மெத்தை வெச்ச சாட்டைதான் அனுமதி. கடைசி 100 மீட்டருக்கு முன்னாடி அஞ்சு அடிக்கு மேல கூடாதுன்னும் விதி இருக்கு. விதி இருக்குன்னாலே அங்க ஒரு பிரச்னை இருக்குன்னு குழந்தைக்கே புரியும்.

"அதுக்கு ஓட இஷ்டமா மாமா?"ன்னும் கேட்டா. குதிரை கூட்டமா ஓடுற மிருகம், ஜாக்கி கீழ விழுந்த பிறகும் சில குதிரைங்க மத்ததோட சேர்ந்து ஓடிட்டே போகும்னு சொன்னேன். ஆனா பந்தயத்துல சேரச் சொல்லி அதுகிட்ட யாரும் கேக்கல, அதையும் சொன்னேன்.

மூணாவது கேள்வி: விழுந்தா?

இதுதான் கஷ்டமானது. 2018 கப்ல தி கிளிஃப்ஸ் ஆஃப் மோஹர் தோள் எலும்பு முறிஞ்சு, பாதையிலேயே கருணைக்கொலை செய்யப்பட்டது. 2020-ல ஆன்டனி வான் டைக். அதுக்கு முந்தின வருஷம் இங்கிலாந்துல எப்சம் டெர்பி ஜெயிச்ச குதிரை அது. அதுக்கப்புறம்தான் வெளிநாட்டிலிருந்து வர்ற குதிரைகளுக்குக் கால் ஸ்கேன் உட்படக் கடுமையான மருத்துவச் சோதனை வந்தது. ஆபத்து குறையும், இல்லாமப் போயிடாது. நாள் முழுக்கப் பல பந்தயம் நடக்கும், எதுலயும் நடக்கலாம்.

அப்படி நடந்தா குதிரையைச் சுத்தித் திரை கட்டுவாங்க. "மாவுக்கட்டு போட்டா சரியாகாதா?"ன்னு குழந்தை கேக்கும். ஐநூறு கிலோ உடம்பு, மெல்லிசான நாலு கால். குதிரையால வாரக்கணக்குல படுத்துக் கிடக்க முடியாது. மூணு கால்ல நின்னா நல்லா இருக்கிற கால் குளம்பும் கெட்டுப் போகும். சில முறிவை ஆபரேஷன்ல சரி பண்ணுவாங்க, எல்லாத்தையும் முடியாது. "தூங்கப் போயிடுச்சு"ன்னு மட்டும் சொல்லாதீங்க. அன்னிக்கு ராத்திரி குழந்தை தூங்கணும்.

நாங்க போன அன்னிக்கு அப்படி எதுவும் நடக்கல. ஆனா இந்தப் பதிலை ட்ரெயின்லயே சொல்லித்தான் கூட்டிட்டுப் போனேன். கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துட்டு, "சரி, போலாம்"னா. அடுத்த வருஷம் வர மாட்டேன்னு சொல்லியிருந்தாலும் அதுவும் சரியான பதில்தான்.

ஒரு நல்ல கதையும் கையில இருக்கட்டும்

2015-ல மிஷெல் பெய்ன், மெல்போர்ன் கப் ஜெயிச்ச முதல் பெண் ஜாக்கி. பிரின்ஸ் ஆஃப் பென்ஸான்ஸ்ங்கிற அந்தக் குதிரைக்கு விகிதம் நூத்துக்கு ஒண்ணு, யாரும் எதிர்பார்க்கல. அவங்க பத்துப் பிள்ளைகள்ல கடைசி. குதிரையைப் பராமரிச்சவர் அவங்க அண்ணன் ஸ்டீவி, டவுன் சிண்ட்ரோம் உள்ளவர். ஆரம்பக் கதவுக்கான குலுக்கல்ல முதல் எண்ணை எடுத்துக் கொடுத்ததும் அவர்தான். கப் 1861-ல ஆரம்பிச்சது. ஒரு பொண்ணு ஜெயிக்க 154 வருஷம் ஆச்சு. எங்க பொண்ணு அந்தக் கணக்கை ரெண்டு தடவை போட்டுப் பார்த்தா.

கடைசியா கையோட எடுத்துட்டுப் போக: தொப்பி, சன்ஸ்க்ரீன், கூடவே ஒரு ஸ்வெட்டர், மெல்போர்ன் நவம்பர்ல ஒரே நாள்ல வெயிலும் குளிரும் வரும். சத்தத்துக்குப் பயப்படுற குழந்தைக்குக் காது மூடி. டிக்கெட்லயே குழந்தைக்கான விதியைப் படிச்சுடுங்க. கப் முடிஞ்ச கையோட கிளம்புங்க, கடைசிப் பந்தயம் வரைக்கும் நின்னா ட்ரெயின்ல போதைக் கூட்டத்துல மாட்டுவீங்க. பையில பத்து சாக்லேட் மறக்காதீங்க.

உங்க வீட்டுக் குழந்தை இந்த மூணுக்கும் மேல நாலாவதா ஏதாவது கேட்டா எனக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்.