குழாய் வந்த பிறகும் ஏரி வேண்டும்

தருமபுரி மாவட்டத்தின் பல ஊர்களில் போர்வெல்லில் தண்ணீர் வந்துவிட்டால் பாதிக் கவலைதான் தீரும். அதைக் குடிக்கலாமா என்பது மீதிக் கவலை. இங்குள்ள கடினப் பாறைகளில் ஃபுளோரைடு கலந்த கனிமங்கள் உண்டு. பாறை இடுக்கில் நெடுங்காலம் தங்கும் நீர் அதைக் கரைத்துக்கொள்கிறது. காரம் கூடி, கால்சியம் குறைந்த நீர் இன்னும் அதிகமாகக் கரைக்கும். குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தாண்டிய நீரைச் சிறு வயதில் குடித்தால் பல்லில் கறை படியும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் எலும்பும் மூட்டும் இறுகும். காய்ச்சினாலும் ஃபுளோரைடு போகாது.

இதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு, 1,900 கோடி ரூபாய்க்கு மேல் செலவில், காவிரி நீரைக் குழாயில் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2008-இல் அடிக்கல் நாட்டி, 2013-இல் தொடங்கிவைத்தார்கள். அது வீண் செலவு என்று சொல்ல எவருக்கும் வாய் வராது. ஆனால் குழாய் வந்ததோடு உள்ளூர் ஏரியையும் ஓடையையும் மறந்துவிடலாம் என்ற நினைப்பு ஆபத்தானது. ஒகேனக்கலுக்கு வரும் காவிரியின் நீர்ப்பிடிப்பு பெரும்பாலும் கர்நாடகத்தில் இருக்கிறது. அங்கே பெய்யும் மழையும் அணைத் திறப்பும் தருமபுரியின் கையில் இல்லை. பள்ளத்தில் ஓடும் ஆற்றை மேட்டுக்கு ஏற்ற மின்சாரம் வேண்டும். எங்காவது குழாய் உடைந்தால் ஊர் திரும்பிப் போவது பழைய போர்வெல்லுக்குத்தான். அந்த நாளில் போர்வெல் நீர் எப்படியிருக்கும் என்பதை, சேர்வராயன் மலையிலிருந்து வாணியாற்றில் இறங்கும் மழையையும், பஞ்சப்பள்ளி, நாகாவதி, தொப்பையாறு அணைகளுக்கு மேலே விழும் மழையையும் நாம் என்ன செய்கிறோம் என்பதே பெருமளவு தீர்மானிக்கும். ஆண்டுக்கு ஏறக்குறைய 850 மில்லிமீட்டர் பெய்யும் மாவட்டம் இது. மழையே இல்லை என்பது சாக்கு.

ஏரியில் நீர் நின்றால் பாறையிலுள்ள ஃபுளோரைடு மறைந்துவிடுமா என்று கேட்பவர்கள் உண்டு. மறையாது. ஆனால் புதுமழை நீர் நிலத்தடியில் சேரும்போது பழைய நீரின் செறிவு குறைகிறது. வாணியாற்றுப் படுகையின் ஃபுளோரைடை ஆராய்ந்த அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் செயற்கை நீர்ச்செறிவூட்டலை ஒரு வழியாகப் பேசியிருக்கிறார்கள். எல்லாக் கிணற்றிலும் இது ஒரே மாதிரி நடக்காது. மண்ணில் படிந்த உப்பை மழை கீழே இறக்கி, சில இடங்களில் அளவைக் கூட்டவும் செய்யும். படிகாரமும் சுண்ணாம்பும் சேர்த்துச் சுத்திகரிக்கும் நல்கொண்டா முறை போதாதா என்றால், முறை நல்லதுதான். தினமும் சரியான அளவில் போடவும், அடியில் சேரும் கசடை அப்புறப்படுத்தவும் ஊர்தோறும் ஆள் வேண்டும். அங்கேதான் இத்தகைய ஏற்பாடுகள் படுத்துவிடுகின்றன.

ஏரியை ஆழப்படுத்துவது கண்ணுக்குத் தெரியும் வேலை என்பதால் அதற்குப் பணம் எளிதில் ஒதுக்கப்படுகிறது. வரத்துக்கால்வாய் அடைந்து கிடந்தால் ஆழப்படுத்திய ஏரி வெறும் குழிதான். எனவே முதல் செலவு கால்வாய்க்கும் மலையடி ஓடைகளுக்கும் போக வேண்டும். கூடவே ஒவ்வொரு பொதுக் கிணற்றிலும் பருவமழைக்கு முன்னும் பின்னும் ஃபுளோரைடை அளந்து, ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிவைக்கலாம். இரண்டு மூன்று மழைக்காலம் கடந்தும் அளவு இறங்காத கிணற்றைப் பாசனத்துக்கு விட்டுவிட்டு, இறங்கிய கிணற்றைக் குழாய் நிற்கும் நாளுக்கென்று ஒதுக்கலாம்.