பஸ்ராவின் இருட்டறையும் ராயக்கோட்டை மலையும்: ஓவியம் சிந்தனையை மாற்றிய வரலாறு

'மறுமலர்ச்சி' என்ற சொல் நம் மேடைகளில் அடிக்கடி ஒலிக்கிறது. வரலாற்றுப் பாடத்தில் அதே சொல், 14ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் தொடங்கி 16ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பா முழுவதும் பரவிய ஒரு பெரிய மாற்றத்தைக் குறிக்கிறது. அந்த மாற்றத்தைப் பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சுகள் உள்ளன. உலகமே இருட்டில் கிடந்தபோது ஐரோப்பியர் தாமாகவே விழித்துக்கொண்டார்கள் என்பது ஒன்று. எல்லாம் நம்மவர்களிடமிருந்து எடுத்துச் சென்றதுதான், அவர்களுடையது என்று எதுவுமில்லை என்பது மற்றொன்று. முதலாவதைப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். இரண்டாவது வாட்ஸ்அப்பில் வந்து சேர்கிறது. இரண்டையும் நம்பிவிட்டால் அதற்கு மேல் சிந்திக்க வேலையில்லாமல் போய்விடுகிறது.

நடந்தது என்ன என்பதை ஓவியத்தின் வழியாகப் பார்த்தால் தெளிவாகப் புரியும். அந்த ஓவிய முறையின் தடம் நம் கிருஷ்ணகிரி மலைக்கோட்டைகளிலும் ஓசூர் பட்டறைகளிலும்கூட இருக்கிறது.

பார்ப்பது என்றால் என்ன?

ஹிஜ்ரி 354 (கி.பி. 965) வாக்கில் பஸ்ராவில் பிறந்து, கி.பி. 1040 வாக்கில் கெய்ரோவில் மறைந்தவர் இப்னுல் ஹைஸம் (ரஹ்). ஐரோப்பியர் அவரை அல்ஹாசன் என்று அழைத்தார்கள். 7 பாகங்கள் கொண்ட 'கிதாபுல் மனாழிர்' என்ற அவருடைய நூல் ஒளியையும் பார்வையையும் பற்றியது.

கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் நாம் பார்க்கிறோம் என்று யூக்ளிடும் தாலமியும் எழுதியிருந்தார்கள். அவர்கள் சாதாரண மனிதர்கள் அல்லர்; பல நூற்றாண்டுகளாக மேதைகள் என்று போற்றப்பட்டவர்கள். ஆனாலும் இப்னுல் ஹைஸம் அவர்களுடைய சொல்லைச் சோதித்துப் பார்த்தார். ஓர் இருட்டறை, அதற்கு ஒரு சிறு துளை, துளைக்கு வெளியே வெவ்வேறு இடங்களில் சில விளக்குகள். அறையின் சுவரில் ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் ஒளிப்பொட்டு விழுந்தது. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் மறைந்தது. அப்படியானால் ஒளி நேர்கோட்டில் வருகிறது. ஒரே துளை வழியாக வந்தாலும் ஒன்றோடொன்று கலந்துவிடுவதில்லை. பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுக்குள் நுழைகிறது என்றும், அந்தக் கோடுகள் கண்ணை நுனியாகக் கொண்ட ஒரு கூம்பு போல அமைகின்றன என்றும் அவர் கணக்கோடு விளக்கினார்.

இந்த நூல் கி.பி. 1200ஐ ஒட்டி லத்தீனுக்குச் சென்றது. 14ஆம் நூற்றாண்டில் இத்தாலிய மொழியிலும் வந்தது. புளோரன்ஸ் நகரின் புகழ்பெற்ற சிற்பி கிபெர்டி, தம் தொழிலைப் பற்றி எழுதிய குறிப்புகளின் மூன்றாம் பகுதியில் இப்னுல் ஹைஸமின் கருத்துகளை ஏராளமாக எடுத்தாண்டிருக்கிறார். வெண்கலக் கதவுகள் செய்யும் ஒருவருடைய பட்டறைக்குள் பஸ்ராவில் பிறந்த ஓர் அறிஞரின் கிதாப் நுழைந்திருக்கிறது. இதுதான் கவனிக்க வேண்டிய இடம்.

புளோரன்ஸ் செய்தது என்ன?

ஒளியைப் பற்றிய அந்த அறிவை ஓவியம் வரையும் முறையாக மாற்றியது இத்தாலியர்களின் சாதனை. இப்னுல் ஹைஸம் பார்வையை ஆராய்ந்தார். படம் வரையும் விதிகளை அவர் எழுதவில்லை. இதை ஒப்புக்கொள்வதால் அவருடைய மதிப்பு குறைந்துவிடாது.

1420க்கு முன்பின்னாக, கட்டடக் கலைஞர் புரூனெலெஸ்கி புளோரன்ஸின் ஞானஸ்நானக் கட்டடத்தை ஒரு பலகையில் வரைந்தார். பலகையில் ஒரு துளை இட்டார். பார்ப்பவர் பலகையின் பின்பக்கத்திலிருந்து துளை வழியாக, எதிரே பிடித்த கண்ணாடியில் அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும். கண்ணாடியை விலக்கினால் உண்மையான கட்டடம் தெரியும். இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று யார் வேண்டுமானாலும் அங்கே நின்று சோதித்துக்கொள்ளலாம்.

1435இல் ஆல்பெர்டி இந்த முறையை நூலாக எழுதினார். கண்ணை நோக்கி வரும் ஒளிக் கூம்பைக் குறுக்கே வெட்டினால் கிடைப்பதுதான் படம் என்பது அவர் தந்த விளக்கம். தொலைவில் உள்ளது எவ்வளவு சிறிதாகத் தெரியும், இணைகோடுகள் எந்தப் புள்ளியில் சேர்வதுபோலத் தோன்றும் என்பதெல்லாம் கணக்கில் அடங்கின. இதையே இன்று 'பெர்ஸ்பெக்டிவ்' என்கிறோம்.

இது அழகுக்காக மட்டும் செய்த வேலை என்று நினைத்துவிடக் கூடாது. இதற்குள் மூன்று பெரிய கருத்துகள் இருந்தன. கண்ணால் காண்பதை அளவுக்கு உட்படுத்தலாம். பார்ப்பவர் எங்கே நிற்கிறார் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஒருவர் சொன்னதை மற்றவர் அதே இடத்தில் நின்று சரிபார்க்க முடிய வேண்டும். நவீன அறிவியல் இந்த மூன்றின் மீதுதான் நிற்கிறது.

படத்திலிருந்து அறிவியலுக்கு

1543இல் வெசாலியஸ் மனித உடலின் அமைப்பைப் பற்றிய நூலை வெளியிட்டார். உடலை அறுத்துப் பார்த்து எழுதியதோடு அவர் நிற்கவில்லை. தேர்ந்த ஓவியர்களைக் கொண்டு எலும்பையும் தசையையும் துல்லியமாக வரையச் செய்தார். 1300 ஆண்டுகளாக மருத்துவத்தில் கோலோச்சிய கேலனின் பிழைகள் பல அதனால் வெளிப்பட்டன.

1609இல் இங்கிலாந்தின் தாமஸ் ஹாரியட் தொலைநோக்கி வழியாக நிலவைப் பார்த்து வரைந்தார். ஒளிக்கும் இருளுக்கும் நடுவே ஒழுங்கற்ற ஒரு கோட்டைக் கண்டார். அது என்னவென்று அப்போது அவருக்குப் பிடிபடவில்லை. சில மாதங்கள் கழித்து அதே நிலவைப் பார்த்த கலிலியோ, அவை மலைகள், அவற்றின் நிழல்கள் என்று கண்டுகொண்டார். இருண்ட பகுதிக்குள் ஒளிரும் சிகரம் ஒளி-இருள் எல்லைக்கோட்டிலிருந்து எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதைக் கொண்டு மலையின் உயரத்தையும் கணக்கிட்டார். கலிலியோ ஓவியக் கலையில் பயிற்சி பெற்றவர். ஒளியும் நிழலும் ஒரு மேட்டின் மீது எப்படி விழும் என்பது அவருடைய கைக்குத் தெரிந்திருந்தது. வரையத் தெரிந்ததால் பார்க்கத் தெரிந்தது என்று அறிவியல் வரலாற்றாசிரியர்கள் இதற்குக் காரணம் சொல்கிறார்கள்.

புத்தகம் படிக்கும் அறிஞரும் கைத்தொழில் செய்யும் கலைஞரும் ஒரே பட்டறையில் சந்தித்ததுதான் மறுமலர்ச்சியின் உயிர்நாடி. அச்சு இயந்திரம் அந்தச் சந்திப்பை ஊர் ஊராகக் கொண்டு சென்றது. இப்னுல் ஹைஸமின் நூல் லத்தீனில் 1572இல் பேசல் நகரில் அச்சாகிவிட்டது. நம் பக்கத்தில் 1300 வாக்கில் கமாலுத்தீன் அல்ஃபாரிஸி அதே நூலுக்கு அருமையான விளக்கவுரை எழுதி, வானவில் உண்டாகும் விதத்தையும் ஆராய்ந்தார். அறிஞர்கள் இல்லாமல் போய்விடவில்லை. ஆனால் இஸ்தான்புலில் முஸ்லிம்கள் நடத்திய அச்சகத்துக்கு அனுமதி கிடைத்தது 1727இல்தான். கையெழுத்துப் பிரதிகளாக நூலகங்களில் இருந்த அறிவு பட்டறைகளுக்குப் போய்ச் சேரவில்லை.

1792: கிருஷ்ணகிரிக்கு வந்த இருட்டறை

அந்தப் பட்டறை அறிவு 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் நம் ஊருக்கே வந்தது. மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து, 1792 மார்ச்சில் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கை கையெழுத்தானது. கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை உள்ளிட்ட பாராமகால் பகுதியைத் திப்பு சுல்தான் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. ஓசூர் 1799 வரை மைசூரோடு இருந்தது.

அதே ஆண்டில் தாமஸ் டேனியல், அவருடைய சகோதரரின் மகன் வில்லியம் டேனியல் என்ற இரு ஆங்கில ஓவியர்கள் சென்னையிலிருந்து புறப்பட்டு இவ்வழியாக வந்தார்கள். ராயக்கோட்டையையும் பாராமகாலின் மற்ற மலைக்கோட்டைகளையும் வரைந்தார்கள். லண்டனில் அவர்கள் வெளியிட்ட 144 இந்தியக் காட்சிகளில் இந்த மலைகளும் உள்ளன. பயணத்தில் அவர்கள் பயன்படுத்திய கருவிகளில் ஒன்று, துளை வழியே வரும் ஒளியைக் கொண்டு காட்சியைத் தாளில் விழச் செய்யும் பெட்டி. இப்னுல் ஹைஸம் ஆராய்ந்த இருட்டறையின் சிறிய வடிவம் அது. அறையாக இருந்தது பெட்டியாகி, ஏறத்தாழ 800 ஆண்டுகள் கழித்து ராயக்கோட்டைக்கு வந்து சேர்ந்தது.

இதோடு ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் தரியா தௌலத் மாளிகைச் சுவரை ஒப்பிட்டுப் பாருங்கள். 1780ஆம் ஆண்டின் பொள்ளிலூர் வெற்றி அங்கே பெரிய ஓவியமாக இருக்கிறது. ஒரே இடத்தில் நின்று பார்த்த காட்சி அல்ல அது. படை வரிசைகள், யானைகள், பல்லக்கில் அமர்ந்த ஆங்கிலத் தளபதி, வெடித்துச் சிதறும் மருந்து வண்டி என்று போரின் முழுக் கதையும் ஒரே சுவரில் விரிகிறது. கதை சொல்லும் கலையில் அதற்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தச் சுவரைக் கொண்டு ஒரு மதிலின் உயரத்தையோ கணவாயின் தூரத்தையோ கணக்கிட முடியாது.

கம்பெனிக்குத் தேவைப்பட்டது அளவு. மைசூர்க் காட்சிகளை வரைந்து வெளியிட்ட கோல்ப்ரூக் ஒரு ராணுவ நில அளவையாளர். பாராமகாலில் அலெக்சாண்டர் ரீடும் அவருடைய உதவியாளர் தாமஸ் மன்றோவும் நிலங்களை அளந்து ரயத்துவாரி வரியை நிர்ணயித்தார்கள். 1800இல் பெங்களூருவில் லாம்ப்டன் தம் முதல் அடிக்கோட்டை அளந்தார். பின்னர் முக்கோணங்களால் நாடு முழுவதும் அளக்கப்பட்டது. ஓவியரின் கண்ணும் அளவையாளரின் கண்ணும் ஒரே கணிதத்தில் பயிற்சி பெற்றவை. மறுமலர்ச்சியின் அறிவு மனிதச் சிந்தனையை விடுவித்தது உண்மை; அது இல்லாதவர்களை ஆள்வதற்கு உதவியதும் உண்மை.

ஓசூரின் பொது மொழி

இன்று ஓசூர் சிப்காட்டில் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது, இந்தி எல்லாம் கேட்கின்றன. ஒரு தொழிற்கூடத்தில் இவர்கள் அனைவருக்கும் பொதுவான மொழி ஒன்று உண்டு. அது இன்ஜினியரிங் டிராயிங். முன்பக்கத் தோற்றம், மேல் தோற்றம், பக்கத் தோற்றம் என்று ஒரு பொருளைத் தாளில் பிரித்துக் காட்டினால், ஜெர்மனியில் வரைந்ததை ஓசூரில் லேத் ஓட்டும் இளைஞர் அப்படியே செய்துவிடுவார்.

இந்த முறையும் அதே வழியில் வந்ததுதான். 1470களில் பியெரோ டெல்லா பிரான்செஸ்கா என்ற ஓவியர் மனிதத் தலையை முன்பக்கமாகவும் பக்கவாட்டிலும் புள்ளி புள்ளியாக இணைத்து வரைந்து காட்டினார். 18ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் மோஞ்ச், கோட்டை கட்டும் கணக்குக்காக அதை முழுமையான கணிதமாக்கினார். ராணுவ ரகசியமாக வைத்திருந்த அந்த முறை 1795இல்தான் பொதுவில் கற்பிக்கப்பட்டது. இன்று நம் ஐடிஐ மாணவர் முதல் ஆண்டிலேயே அதைப் படிக்கிறார்.

நம் சமுதாயத்தில் சில பெற்றோர், வரைவது என்றாலே மார்க்கத்தில் கூடாதோ என்று தயங்குகிறார்கள். உயிருள்ளவற்றின் உருவம் பற்றி உலமாக்களிடையே விரிவான ஆய்வும் கருத்து வேறுபாடும் உண்டு; அது தனியான விஷயம். ஆனால் ஓவியத்தால் பிழைப்பு நடத்திய ஒருவருக்கு, மரத்தையும் உயிரற்றவற்றையும் வரையுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் வழிகாட்டிய செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது. இயந்திரமும் கட்டடமும் வரைபடமும் வரைவதில் தயங்குவதற்கு ஒன்றுமில்லை.

நாம் கவலைப்பட வேண்டியது வேறொன்றைப் பற்றி. நம் வீட்டில் ஒரு பிள்ளை மதரஸாவுக்குப் போகிறான். இன்னொருவன் கம்பெனிக்குப் போகிறான். முன்னவனுக்கு வாரிசுரிமைச் சட்டத்தின் பின்னக் கணக்குகள் அத்துப்படி. அல்ஜீப்ரா என்ற பெயரைத் தந்த அல்குவாரிஸ்மியின் நூலில் பெரும்பகுதி உயில், வாரிசுரிமைக் கணக்குகள்தான் என்பது அவனுக்குத் தெரியாது. பின்னவன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கை அளக்கிறான். தான் படிக்கும் டிராயிங்குக்கும் பஸ்ராவுக்கும் தொடர்பு இருப்பதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. புளோரன்ஸில் சேர்ந்த கிதாபும் கையும் நம் வீடுகளில் பிரிந்து கிடக்கின்றன.

இதைச் சேர்ப்பதற்குப் பெரிய நிதி தேவையில்லை. மாலை மக்தபில் வாரத்துக்கு ஒரு மணி நேரம் வடிவக் கணிதம் சொல்லிக்கொடுக்கலாம். ஜமாஅத்தில் இருக்கும் டூல் ரூம் தொழிலாளியே அதற்கு ஆசிரியராக இருக்கலாம். ஓர் அட்டைப்பெட்டியில் துளையிட்டு இருட்டறைச் சோதனையைப் பிள்ளைகளே செய்து பார்க்கலாம். பிள்ளைகளை ராயக்கோட்டைக்கு அழைத்துச் சென்றால் மலையின் உயரத்தை நிழலைக் கொண்டு கணக்கிடச் சொல்லலாம்.

இப்னுல் ஹைஸம் நம்மவர் என்று பெருமை பேசுவது எளிது. அவர் தாலமியிடம் கேட்டதுபோல, சொன்னது சரிதானா என்று சோதித்துப் பார்க்கும் பழக்கத்தை நம் பிள்ளைகளிடம் வளர்ப்பதுதான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை. சிந்திப்போம், செயல்படுவோம். அல்லாஹ்வே மிக அறிந்தவன்.