பழைய காருக்கு மாற்று என்ஜினா? பம்பைப் பார்த்து வாங்குவோம்!

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கும் செஞ்சிக்கும் கொள்முதலுக்குப் போய்வர, பழைய அம்பாசிடரை இன்னும் விடாமல் வைத்திருக்கும் வணிக நண்பர்கள் உண்டு. 2014-இல் அதன் உற்பத்தி நின்றுவிட்டது. என்ஜின் ஓய்ந்தால் வேறு என்ஜின் பொருத்தி ஓட்டுகிறோம். அப்போது என்ஜினுக்குத் தாராளமாகச் செலவழித்துவிட்டு, பெட்ரோல் பம்பில் சிக்கனம் பார்ப்பது ஆபத்து.

பம்பை வண்டிக்குப் பார்த்து வாங்கக்கூடாது. என்ஜினுக்குப் பார்த்து வாங்க வேண்டும். டயர் காற்றைப் போலவே இதற்கும் பவுண்டு கணக்குதான். கார்புரேட்டர் என்ஜினுக்கு 3, 4 பவுண்டு அழுத்தம் போதும். எம்.பி.எஃப்.ஐ. என்ஜினுக்குப் பொதுவாக 40 பவுண்டுக்குக் குறையாமல் வேண்டும். அம்பாசிடரில் வந்த 1800 சி.சி. இசுசு என்ஜினிலேயே இந்த இரண்டு வகையும் உண்டு. எனவே என்ஜின் பெயரை மட்டும் சொல்லிப் பம்பு கேட்காதீர்கள்.

அழுத்தம் குறைந்தால் எம்.பி.எஃப்.ஐ. என்ஜின் சரியாக ஓடாது. அழுத்தம் மிகுந்தாலோ, கார்புரேட்டர் நிரம்பிச் சூடான என்ஜின்மேல் பெட்ரோல் வழியும். தீப்பிடிக்க வேறென்ன வேண்டும்?

பழைய பம்பு என்ஜின் நின்றால் தானும் நிற்கும். மின்சாரப் பம்பு, தனி ஏற்பாடு இல்லாவிட்டால் சாவி போட்டிருக்கும்வரை ஓடும். ஆகவே, வண்டி மோதினால் பம்பை நிறுத்தும் சுவிட்சு, அந்த அழுத்தத்தைத் தாங்கும் ஹோஸ் இரண்டையும் சேர்த்தே மெக்கானிக்கிடம் விலை பேசுங்கள்.

என்ஜின் மாற்றத்துக்கு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு பொருந்தும். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, ஆர்.சி. புத்தகத்தில் பதிந்து, இன்ஷூரன்ஸுக்கும் தெரிவித்துவிடுவோம். கணக்கில் ஏறாத சரக்குக்கு நஷ்டஈடு கேட்க முடியுமா? வண்டிக்கும் அதே நியாயம்தான்.